வாய்தாவுக்கு எல்லோரும் வர வேண்டும்

போன வாரம் சங்க ஆபீசில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே பேசினீர்கள். குடிதண்ணீர் கேட்டுக் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த வழக்கில் மாட்டியிருப்பது செல்வி ஒருத்திதான். அவளுக்கு வக்கீல் இருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாம் அத்தனை பேரும் எதற்குக் கோர்ட்டு வாசலில் போய்க் காய வேண்டும், ஒரு நாள் கூலி கெடுகிறதே, முறை வைத்து ஒருவர் போனால் போதாதா என்று கேட்டீர்கள். இந்த விதியை எந்த வேலையில்லாதவர் போட்டது என்று உங்களில் ஒருவர் சிரித்ததும் கேட்டது.

போட்டது நானும் பச்சையம்மாளும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

முதலில் ஒன்றைச் சரி செய்துகொள்கிறேன். ஆண்டு விழா பேனரில் 'சாலை மறியல் களத்தில் பிறந்த சங்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது உண்மையில்லை. மறியல் களத்தில் பிறந்தது வேறு சில பேரின் அரிசி ஆலைகள், கான்ட்ராக்டுகள், இரண்டு மாடி வீடுகள். நம்முடைய சங்கம் கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் பிறந்தது. அதுவும் பெருமைப்படும்படியாகப் பிறக்கவில்லை.

எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கும், இல்லையென்றால் அதுவும் இருக்காது. கரும்பு வெட்டவும் கடலை பிடுங்கவும் போவோம். பத்தாவது பாஸ் பண்ணின பிள்ளைகள் கூலிக்குப் போகவும் கூச்சப்பட்டுக்கொண்டு, வேலையும் கிடைக்காமல் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி கொளஞ்சியும் அதில் ஒருவன். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, நான்தான் வளர்த்தேன். ஒதுக்கீடு வந்தால் கவர்மென்ட் வேலை என்று யாராவது சொன்னால் அவன் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோரிக்கை நியாயமானது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். என் கசப்பு கோரிக்கை மேல் இல்லை.

மறியல் என்றால் ரோட்டில் உட்காருவது என்றுதான் நினைத்தோம். மரத்தை வெட்டிக் குறுக்கே போடச் சொல்லி உத்தரவு வந்தது. ரோட்டோரப் புளியமரங்கள், எங்கள் பாட்டன் காலத்து மரங்கள். உத்தரவு சொன்னவர் போராட்டத்தை நடத்திய சாதிச் சங்கத்தின் எங்கள் ஊர்க் கிளைத் தலைவர், பின்னால் ரைஸ்மில்காரர் ஆனவர். அவர் வெட்டவில்லை. கோடரி அவர் வீட்டில் இல்லையாம். கூலிக்கு மரம் அறுக்கிறவர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் வெட்டினார்கள். கொளஞ்சியும் வெட்டினான். அன்று சாயங்காலம் கை கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் போட்டவள் நான், அதனால் அவன் வெட்டவில்லை என்று சொல்லமாட்டேன். அந்த மரங்களில்தான் வருஷா வருஷம் நாங்கள் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்துக் கூலி வாங்குவோம். எங்கள் கோடையை எங்கள் பிள்ளைகளே வெட்டிச் சாய்த்தார்கள்.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. கிடைத்தவர்களை வேனில் ஏற்றியது. ரைஸ்மில்காரர் அதற்குள் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டிருந்தார். இப்படி ஏற்றப்பட்டவர்களில்தான் சடையன் இருந்தார்.

சடையன் கல்வராயன் மலைக்காரர். எங்கள் பக்கம் அவர்களை மலையாளி என்று சொல்வோம், கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் ஒதுக்கீடு அவருக்கு வராது, எங்கள் சாதி அவருக்குக் கிடையாது. அன்றைக்குக் கீழே கொல்லனிடம் கோடரி தட்ட வந்திருக்கிறார். தட்டி, சாணை பிடித்து, தோளில் போட்டுக்கொண்டு மலைக்குத் திரும்பி நடந்திருக்கிறார். ரோடெல்லாம் மரம் கிடக்கிறது, எதிரே ஒருவன் பளபளவென்று கோடரியோடு வருகிறான். போலீசுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்தக் கேசில் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரே ஆள், மரத்தைத் தொடாத அந்த மனுஷன்தான்.

ஜாமீனில் வந்த பிறகு வாய்தா ஆரம்பித்தது. பிடிபட்டவர்கள் அத்தனை பேரும் கள்ளக்குறிச்சிக்கு ஒரே நாளில் வர வேண்டும். காலையிலேயே வந்து காத்திருக்க வேண்டும், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. ஆண்பிள்ளைகளுக்குத் துணையாகவும் சோறு கட்டிக்கொண்டும் நாங்கள் வருவோம். பச்சையம்மாளின் புருஷனும் கேசில் இருந்தான். அவள் வாயைத் திறந்தால் டவுன் போலீஸ்காரரே இரண்டடி தள்ளி நிற்பார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் என்ன பேசுவோம்? கேசைப் பற்றி எத்தனை நாள்தான் பேசுவது. எந்த ஊரில் என்ன கூலி, எந்த ரேஷன் கடையில் அளவு கம்மி, எந்தக் கரும்பு மேஸ்திரி வாய் நீளம் என்று பேச்சு போகும். பத்து ஊர்க்காரர்கள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து இப்படிப் பேசுவது அதற்கு முன்னால் நடந்ததே இல்லை. ஒரு வாய்தா நாளில் கோர்ட்டு முடிந்ததும் அப்படியே எழுந்து போய் ரேஷன் கடை முன்னால் நின்றோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தராசைச் சரியாகப் பிடித்தார். எங்களுக்கே ஆச்சரியம். நோட்டீஸ் அடிக்காமல், மைக் செட் இல்லாமல், கூட்டத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்து, வராதவனுக்கு வாரண்டும் போட்டு, கவர்மென்டே எங்களுக்குச் சங்கம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சடையன் ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை. எங்கள் ஆட்களுக்கு வயிற்றுவலி வரும், கெடா வெட்டு வரும், கொழுந்தியா வளைகாப்பு வரும், வக்கீலிடம் சொல்லி மனுப் போட்டுக்கொள்வார்கள். அவர் முதல் நாளே மலையை விட்டு இறங்கி, வழியில் எங்கேயாவது படுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் மரத்தடியில் இருப்பார். வரும்போது தேனோ கடுக்காயோ ஒரு பலாப்பழமோ இருக்கும். அந்தப் பலாப்பழத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே எங்கள் ஆட்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"சடையா, இட ஒதுக்கீடு வந்தா உனக்கு இன்னா வேலைய்யா வேணும்? கலெக்டரா, தாசில்தாரா?"

அவரும் சிரிப்பார். "எனக்கு வாய்தா இல்லாம இருந்தா போதும் சாமி" என்பார்.

பிறகு ஆட்சி மாறியது. புது ஒதுக்கீடும் வந்தது. கொளஞ்சிக்கு பஸ் கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது, தேர்வும் ஆனான். ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான். அப்புறம் போலீஸ் விசாரணை வந்தது. பெயரில் கேஸ் இருக்கிறது, முடித்துக்கொண்டு வா என்றுவிட்டார்கள். எந்த வேலைக்காக மரம் வெட்டினானோ அந்த வேலை கைக்கு வந்து, மரம் வெட்டிய கேஸ் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் சாப்பிடவில்லை, பேசவில்லை. ஒரு நாள் விளக்குமாற்றை எடுத்துச் சும்மா வாசலைப் பெருக்கிக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாய்தாவுக்கு ரைஸ்மில்காரர் வேப்பமரத்தடிக்கு வந்தார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், வெள்ளை வேட்டியில் கார் வைத்துக்கொண்டு வந்தார். போராட்டக் கேஸ்களை அரசாங்கம் வாபஸ் வாங்கப் போகிறது, கிளைத் தலைவர்கள் யார் பேரைச் சொல்கிறார்களோ அவர்கள் மேல் உள்ளது முடிந்துவிடும், அடுத்த வாய்தாவுக்கு யாரும் வர வேண்டியதில்லை என்றார். எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவன் காலிலேயே விழுந்தான்.

சடையன் அப்போது அங்கே இல்லை. கோர்ட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் உப்பும் மிளகாயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார், அங்கிருந்து அப்படியே மலை ஏறிவிடுவார்.

பச்சையம்மாள்தான் கேட்டாள். "சடையன் பேரு சொல்லிக்கீறீங்களாண்ணே?"

"எந்தச் சடையன்?"

"மலையில இருந்து வர்றாரே."

"அவன் நம்ம ஆளு இல்லியேம்மா."

"கேசு ஒரே கேசுதானே?"

அவர் பொறுமையாக, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "போராட்டத்துல கலந்துக்காதவன எப்பிடிம்மா போராட்டக் கேசுல இருந்து வுடச் சொல்றது? தலைமையில கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

எத்தனையோ பேச்சாளர்களின் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியாக ஒரு மனுஷனை மூட்டை கட்டி ஓரமாக வைத்த பேச்சை வேறு யாரும் பேசிக் கேட்டதில்லை. வெட்டியவனெல்லாம் போராளி, வெளியே போகலாம். வெட்டாதவன் போராளி இல்லை, உள்ளேயே இருக்கட்டும்.

அவர் கார் போன பிறகு நானும் பச்சையம்மாளும் எல்லோரையும் உட்கார வைத்தோம். சடையன் பேரையும் சேர்த்தால்தான் நாங்கள் வாபஸை ஒத்துக்கொள்வோம் என்று மொத்தமாகப் போய்ச் சொல்லலாம் என்றோம். இத்தனை பேர் சேர்ந்து ரேஷன் கடைக்காரன் தராசை நிமிர்த்தியவர்கள்தானே. ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவன் பீடி பற்றவைத்தான், இன்னொருவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். பச்சையம்மாளின் புருஷன் அவளைப் பார்த்து, "உனக்கு வேற வேல இல்லியா, எழுந்து வா வூட்டுக்கு" என்றான்.

நான் கொளஞ்சியைப் பார்த்தேன்.

"நீ சொல்லுடா தம்பி. அந்த ஆளு தேன எத்தினி தடவ வாங்கித் துன்னுருப்ப?"

"அக்கா, வயசு ஏறிக்கினே போவுது எனக்கு. இந்த ஆர்டர் போச்சின்னா இன்னொன்னு வராது. மொதல்ல நாம வெளிய வந்துடலாம். அப்பால அவுருக்குப் பாக்கலாம்."

அவன் சொன்னதில் வயசு பொய் இல்லை, ஆர்டர் பொய் இல்லை. 'அப்பால பாக்கலாம்' என்பதுதான் பொய். அதை அவனும் அறிவான். நம் வேலையில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகிற வார்த்தை அது. வெளியே வந்தவன் திரும்பிப் பார்த்ததை நான் இத்தனை வருஷத்தில் பார்க்கவில்லை. பேரம் பேசுவதானால் எல்லோரும் உள்ளே இருக்கும்போதே பேச வேண்டும், கதவு திறந்த பிறகு யாரும் நிற்கமாட்டார்கள். இதை எந்தப் பயிற்சி முகாமில் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த வாய்தாவுக்கு நானும் பச்சையம்மாளும் போனோம். எங்களுக்கு அங்கே வேலை இல்லை. மனசு கேட்கவில்லை. இரண்டு மூன்று பேராவது வெட்கப்பட்டு வருவார்கள் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. விஷயத்தைச் சடையனிடம் பக்குவமாகச் சொல்லி, வக்கீலிடம் கூட்டிப்போய் வாய்தா வாங்கலாம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டே போனோம். பஸ் வழியில் பஞ்சர். கோர்ட்டு வாசலில் நாங்கள் கால் வைக்கும்போது டவாலி பெயர் கூப்பிட்டுவிட்டார்.

முன்பெல்லாம் எங்கள் கேஸை எடுத்தால் டவாலி பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டு மூச்சு வாங்குவார். அன்றைக்கு "சடையன், சடையன், சடையன்" என்று கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். சடையன் உள்ளே போய்க் கூண்டில் ஏறினார். ஏறினவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அடுத்த பெயர் வரும், பக்கத்தில் கொளஞ்சி வந்து நிற்பான், அதற்கப்புறம் பச்சையம்மாளின் புருஷன் நிற்பான், எப்போதும் நிற்கிற வரிசை அதுதான். கொஞ்சம் ஒதுங்கி அவர்களுக்கு இடம் விட்டுக்கொண்டே பார்த்தார். யாரும் வரவில்லை. "மத்தவங்க பேரு கூப்புடலீங்களா சாமி?" என்று டவாலியைக் கேட்டார்.

"அவங்களுக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. உனக்குத்தான்" என்றார் டவாலி.

நீதிபதி நல்ல மாதிரிதான் கேட்டார், குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லை வழக்கு நடத்துகிறீர்களா என்று. நான் வாசலில் இருந்தே, "ஒத்துக்காதீங்கண்ணே!" என்று கத்தினேன். கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். சடையன் நான் சொன்னதைக் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம் கூண்டை விட்டு இறங்கி, கோர்ட்டு நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தப்புத்தாங்க சாமி, ஒத்துக்கிறேன்" என்றார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று வெளியே இருந்த எங்களுக்குப் புரியவில்லை. அபராதம், கோர்ட்டு கலையும் வரை தண்டனை என்று தீர்ப்பு. சாயங்காலம் வரை உள்ளே ஒரு மூலையில் குந்திக்கொண்டு இருந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம், அவர் எங்களைத் தேற்றினார்.

"எதுக்கு அழுவுறீங்க தங்கச்சி? முடிஞ்சுபோச்சு. எங்க மலையில ஊர் கூடி உக்காந்தா, செஞ்சனோ செய்யலியோ, சபையில வுழுந்து எழுந்து அபராதத்தக் கட்டிட்டா அத்தோட தீந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா எடுத்தவனுக்குத்தான் அபராதம். கொளஞ்சித் தம்பியெல்லாம் முன்னாடியே வந்து வுழுந்து முடிச்சிட்டாங்கபோல. எனக்குத்தான் சொல்லாம வுட்டுட்டாங்க."

மலை நியாயம் அது. ஒருவன் விழுந்து எழுந்தால் ஊர் மறந்துவிடும். கீழே இருக்கிற நியாயம் எதையும் மறக்காது என்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. எத்தனை வாய்தா, எத்தனை பலாப்பழம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கிண்டல் செய்ய வாய் இருந்தது எங்கள் ஆட்களுக்கு, இதைச் சொல்ல இல்லை. அன்றைக்கு அவரிடம் கொளஞ்சி எப்படி வெளியே வந்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பச்சையம்மாள் சொன்னாள். அவர் முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார்.

அந்தப் பேச்சை எடுத்தார்கள். அவர் குடும்பம் தலைமுறையாகச் சாமை விதைத்த ஒரு சரிவு மலையில் இருந்தது. யார் நிலம் யாருக்கு என்று பார்க்க ஆபீசர்கள் வந்தபோது, இவன் மரம் வெட்டித் தண்டனை வாங்கினவன், இவனைக் காட்டோரம் விடக்கூடாது என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நிலம் போயிற்று. அந்த ரோட்டில் கிடந்த அத்தனை புளியமரத்தையும் சட்டப்படி வெட்டியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

கொளஞ்சி கண்டக்டர் ஆனான். மலை பஸ்ஸிலேயே சில வருஷம் ஓடினான். ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது, "இன்னிக்கு சடையன் பஸ்ல ஏறினாருக்கா. வேல கெடச்சிடுச்சா தம்பின்னு கேட்டாரு. நான் அவருகிட்ட டிக்கெட்டுக்குக் காசு வாங்கல" என்றான். நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னான். நான் போட்டுவைத்த சோற்றை அவன் முன்னால் இருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்வது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். ரிட்டையர் ஆகி நன்றாக இருக்கிறான். வீட்டுக் கூடத்தில் மறியல் ஊர்வலப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான்.

நிலம் போன சேதி கேட்ட பிறகுதான் நானும் பச்சையம்மாளும் ஊர் ஊராக நடந்தோம். கட்சி வேண்டாம், சாதி கேட்க வேண்டாம், கேசில் மாட்டினவன் தனியாக நிற்காமல் இருக்க ஒரு சங்கம் வேண்டும் என்றோம். வேப்பமரத்தடியில் பழகிய பெண்கள் வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் எங்களைப் பார்த்தால் வேறு தெருவில் போனார்கள். முதல் கூட்டத்துக்குச் சடையனைக் கூப்பிட மலை ஏறினோம். அவர் சங்கத்தில் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை.

அவர் வேறொருவர் நிலத்தில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சங்கம்னா இன்னா தங்கச்சி?"

நான் ஏதேதோ சொன்னேன். உரிமை என்றேன், ஒற்றுமை என்றேன். எல்லாம் மேடையில் கேட்டுப் படித்த வார்த்தைகள்.

"கூப்புட்டா எல்லாரும் வந்து நிக்கிறது, அதானே?" என்றார். "நான்தான் எல்லா வாய்தாவுக்கும் வந்தேனே. நீங்கல்லாம் எங்க போனீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. விட்டுப்போன ஆட்டைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார். கேட்டுவிட்டுக் களைவெட்டியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் நம் சங்கத்தில் சேரவே இல்லை. சேர்ந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

மலையிலிருந்து இறங்கி வரும்போது பச்சையம்மாள் போட்டதுதான் நீங்கள் சிரித்த அந்த விதி. கேஸ் ஒருவர் மேல் இருந்தாலும் வாய்தாவுக்கு எல்லோரும் வர வேண்டும். வக்கீல் இருக்கிறாரா இல்லையா என்பது அதில் கிடையாது. கூலி கெடுமா என்பதும் கிடையாது. கெடும்.

செல்விக்கு வருகிற புதன்கிழமை வாய்தா. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள், இரண்டாவது பஸ்ஸை நம்பாதீர்கள். டவாலி அவள் பெயரைக் கூப்பிடுவார். அவள் கூண்டில் ஏறினதும் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்ப்பாள்.